நுரை படுத்த ஞாயிறு

அத்தியாயம் 6

"அந்தப் பொம்பளை கதையை அப்புறம் பேசிக்கலாம் அம்மணி. மொதல்ல இந்த ஸ்கிம்மரைப் பாருங்க" என்றார் ஜீவானந்தம்.

அருள்மொழிக்குச் சுர்ரென்று ஏறியது. சுவர்க் கடிகாரத்தில் மணி பன்னிரண்டரை. நான்கு மணிக்குப் போலீஸ் ஜீப் பழனாயியை ஏற்றிக்கொண்டு கொல்லிமலையின் எழுபது வளைவும் இறங்கி நாமக்கல் கோர்ட்டுக்குப் போய்விடும். போய்விட்டால் அப்புறம் ரிமாண்ட், வக்கீல், வாய்தா. திருடினாளோ இல்லையோ, ஊருக்கு அவள் திருடிதான். இந்த மனுஷனுக்கோ ஞாயிற்றுக்கிழமை நுரை வரவில்லையாம்.

ராசிபுரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் துப்பறியும் ஆபீஸ் வைத்திருப்பவள் அருள்மொழி. நேற்று மாலை போன் போட்டுக் கூப்பிட்டதே இந்த ஜீவானந்தம்தான். கப்பலில் இருபத்திரண்டு வருஷம் என்ஜினியராக இருந்துவிட்டு, மலையில் மிளகுத் தோட்டம் வாங்கி உட்கார்ந்தவர். மனைவி பொன்னம்மாளின் வைரத்தோடு பீரோவில் இருந்து காணாமல் போயிருந்தது. "திருடி மாட்டிக்கிட்டா. தோடுதான் மாட்டல. அதை மட்டும் கண்டுபிடிச்சுக் குடுத்தாப் போதும்" என்று போனிலேயே தீர்ப்பு எழுதி முடித்துவிட்டார். அப்போது வந்த எரிச்சல் இன்னும் அவளுக்கு இறங்கவில்லை.

பழனாயி அந்த வீட்டுப் புழக்கடையில் எட்டு வருஷமாக வேலை செய்கிற மலைக்காரி. வீட்டுக்குள் அவளைச் சேர்ப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் ஹாலில் தண்ணீர் கொட்டிவிட்டது என்று துடைக்க ஒரே ஒருமுறை உள்ளே கூப்பிட்டார்கள். திங்கட்கிழமை காலையில் தோடு இல்லை. அதற்கு மேல் யோசிக்க அந்த வீட்டில் யாருக்கும் மனசு வரவில்லை.

ஹாலில் நாலடி நீளக் கண்ணாடித் தொட்டி நின்றது. உள்ளே கடல் தண்ணீர். மலை உச்சியில் கடல் தண்ணீர், அதுவும் கடலூரில் இருந்து கேன் கேனாக லாரியில் வந்தது. ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு மீன்கள் கற்குவியலைச் சுற்றிச் சுற்றி வந்தன. தொட்டியின் பின்பக்கம் ஒரு கண்ணாடிக் குழாய் தொங்கியது. அதற்குள் பால் பொங்குகிற மாதிரி நுரை ஏறி, உச்சியில் இருந்த கப்பில் பழுப்பாக வழிந்துகொண்டிருந்தது.

"ஏனுங்க, இது பில்டர் காபி போடற சாமானுங்களா?" என்று குனிந்து பார்த்தான் ரமேஷ்குமார். அருள்மொழியின் உதவியாளன். முப்பத்தெட்டு வயது, இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், நாற்பதாவது வளைவில் குடலைக் கழற்றி வெளியே வைத்தவன். வாய் மட்டும் எந்த வளைவிலும் ஓயவில்லை.

"மோந்து பாரு தெரியும்" என்றார் ஜீவானந்தம்.

மோந்து பார்த்தான். முகம் கோணியது. "காபிதானுங்க. போன வருசம் போட்டது."

"மீனோட கழிவு. தண்ணியில அது அழுகறதுக்கு முந்தி, பொடிப் பொடியா காத்தை உட்டு நுரையாக்கி மேல தள்ளி வெளிய கொட்டறதுதான் புரோட்டீன் ஸ்கிம்மர். இது நின்னா மீன் செத்துரும். இதைத் தேர்ந்தெடுக்கறதுக்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்." மேஜையில் இருந்து ஒரு தடித்த பைலை எடுத்துத் தொப்பென்று போட்டார். நாமக்கல் பிரவுசிங் சென்டரில் எடுத்த பிரிண்ட் அவுட்கள், சென்னைக் கடைக்காரர்களின் கடிதங்கள். "மொதல்ல வாங்கினது மரக்கட்டை வழியா காத்து உடற ரகம். மூணு வாரத்துல கட்டை அடைச்சுக்கும். ரெண்டாவது இது. நானூறு லிட்டருக்கு ஆகும்னு டப்பாவுல போட்டிருக்கான். டப்பாவுல போட்டிருக்கறதுல பாதியைத்தான் நம்பணும். நம்ம தொட்டி எரநூறு. சரி, போதும்னு வாங்கினேன். மூணாவது ஜெர்மன்காரன் பண்றது. முள்ளு முள்ளா சக்கரம் வெச்சிருக்கான், காத்தை மாவா அரைச்சுக் குடுக்கும். அதைத்தான் வாங்கணும்னு அன்னிக்கே சொன்னேன். இந்த ஊட்டுல யாரு கேக்கறா? இப்பப் பாருங்க, ஞாயித்துக்கிழமை இது கழுத்தறுத்துருச்சு."

"என்ன ஆச்சுங்க ஞாயித்துக்கிழமை?" அருள்மொழி கேட்டது மரியாதைக்காகத்தான்.

ஒரு நோட்டை நீட்டினார். தினமும் காலை ஆறு, மாலை ஆறு, கப்பில் எத்தனை விரல் உயரம் அழுக்கு சேர்ந்தது என்று அழகான கையெழுத்து. இரண்டு விரல், இரண்டு விரல் என்று மாதக்கணக்கில் ஓடியது. ஞாயிறு காலை: இரண்டு விரல். ஞாயிறு மாலை: ஒன்றுமில்லை, நுரை படுத்துவிட்டது. திங்கள்: ஒன்றுமில்லை. செவ்வாய் மாலை: அரை விரல். இன்று, புதன் காலை: இரண்டு விரல்.

அருள்மொழி நோட்டைக் கீழே வைக்கவில்லை.

"நடுவுல ரிப்பேர் பண்ணீங்களா?"

"தொடவே இல்ல."

"சக்தி பத்தாத மெஷின்னா கொஞ்சம் கொஞ்சமாத்தானுங்க தளரணும். இது ஒரே மதியத்துல படுத்து, ரெண்டே நாள்ல தானா எழுந்து உக்காந்திருக்கு. இந்த நுரையைப் படுக்க வெக்கற சாமான் ஏதாச்சும் இருக்குங்களா?"

"எண்ணெய்" என்றார், யோசிக்காமலே. "கையில துளி எண்ணெய் இருந்து தொட்டிக்குள்ள உட்டாப் போதும், நுரை அப்படியே அமுங்கிப் போகும். அதுக்காகவே நான் தலைக்குக்கூட எண்ணெய் வெக்கறதில்ல. ஆனா யாரும் கைய உட மாட்டாங்க அம்மணி. கைய வெச்சா கை இருக்காதுன்னு சொல்லி வெச்சிருக்கேன்."

"சொன்னது உங்களுக்குக் கேட்டுது. கைக்குக் கேட்டுச்சான்னு தெரியலீங்களே" என்றான் ரமேஷ்குமார்.

ஜீவானந்தம் அவள் கையில் இருந்த நோட்டை எட்டிப் பார்த்தார். அப்போதுதான் அவருக்கு உறைத்தது. தோடு போனதும் ஞாயிறு, நுரை போனதும் ஞாயிறு.

மோர் டம்ளர்களோடு பொன்னம்மாள் உள்ளே வந்தாள். ஐம்பது வயது இருக்கும். காதில் தோடு இருந்த இடத்தில் ஒரு வேப்பங்குச்சி.

"ஏனுங்க, ஞாயித்துக்கிழமை இந்த ஊட்டுல எண்ணெய்க் கையா இருந்தது யாருங்க?" என்றாள் அருள்மொழி.

"எண்ணெயா?" பொன்னம்மாள் டம்ளரை வைத்தாள். "அன்னிக்குப் பலாப்பழம் அறுத்தோம். பழனாயிதான் அறுத்தா. பிசின் ஒட்டாம இருக்க எண்ணெய் தடவிக்கிட்டுத்தான அறுப்பாங்க."

"பாத்தீங்களா?" ஜீவானந்தம் மேஜையைத் தட்டினார். "அறுத்த கையோட உள்ள வந்து, தோட்டை எடுத்து, என் தொட்டிக்குள்ள... ஐயோ, தோடு இங்கதான் இருக்கா?"

தொட்டியை நோக்கிப் பாய்ந்தவரை ரமேஷ்குமார் குறுக்கே நின்று மறித்தான். "இருங்க சார். போலீஸ் கேஸு. நீங்க கைய உட்டா உங்க ரேகையும் சேர்ந்துக்கும். நாங்க ஸ்டேஷன் போயிட்டு வாரோம்." தண்ணீருக்குள் ரேகை நிற்குமா என்று அவனுக்கே தெரியாது. ஆனால் ஜீவானந்தம் கையை இழுத்துக்கொண்டார்.

வெளியே வந்ததும் அருள்மொழி வண்டி சீட்டை ஓங்கி ஒரு அறை அறைந்தாள். ஒரே ஒரு துப்பு கிடைத்தது. அதையும் அவளே முறுக்கிக் கயிறாக்கிப் பழனாயி கழுத்தில் மாட்டியாகிவிட்டது.

"அக்கா, வண்டி என்னுது" என்றான் ரமேஷ்குமார். "அந்தம்மா சொன்னது சரியாவும் இருக்கலாமில்ல?"

"இருக்கலாம். கையப் பாத்துட்டு வந்து சொல்றேன். எடு வண்டியை."

ஸ்டேஷன் வராந்தாவில் பழனாயி சுவரில் சாயாமல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். திங்கட்கிழமை மதியத்தில் இருந்து இதே இடம். இருட்டியதும் வீட்டுக்கு அனுப்பி, விடிந்ததும் மறுபடி கொண்டுவந்து உட்கார்த்தினார்கள். ஏட்டு அர்த்தனாரி அருள்மொழியைப் பார்த்துவிட்டு, பத்து நிமிஷம் என்று கைகாட்டி உள்ளே போனார்.

"கையைக் காட்டுங்க பழனாயி."

"எதுக்கு? வெலங்கு அளவு எடுக்கவா?" ஆனாலும் நீட்டினாள்.

இரண்டு உள்ளங்கையிலும், விரல் இடுக்குகளிலும் பலாப் பிசின் கருப்புக் கருப்பாக ஒட்டிப் போயிருந்தது. சோப்புக்கும் மசியாத கறை. அருள்மொழி கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தாள். பெயரவில்லை.

"ஞாயித்துக்கிழமை அறுத்த பழமா?"

"ஆமாங்க. மூணு பழம்."

"எண்ணெய் தடவிக்கலயா?"

பழனாயி சிரித்தாள். அந்தச் சிரிப்பில் சந்தோஷம் இல்லை. "எண்ணெய்க் கிண்ணம் அவங்க ஊட்டுக்குள்ள இருக்குதுங்க. நான் இருக்கறது வெளிய. சாம்பலைத் தேச்சுக்கிட்டு அறுத்துப் பொளந்து, வாசப்படியில வெச்சிட்டு வந்துருவேன். சுளை எடுக்கறது அந்தம்மாதான். நாங்க தொட்டெடுத்த சுளையை அவங்க திங்க மாட்டாங்க. எட்டு வருசமா அதான் வழக்கம்."

ரமேஷ்குமாரின் வாய் எதையோ சொல்லத் திறந்தது. அருள்மொழி அவனைப் பார்த்தாள். மூடிக்கொண்டான்.

"அப்புறம் உள்ள எப்பக் கூப்புட்டாங்க?"

"பழம் உள்ள போன கொஞ்ச நேரத்துல. குடம் சாஞ்சு போச்சு, தொடச்சுட்டுப் போன்னாங்க. மீன் தொட்டிக்கு முன்னால பூராத் தண்ணி. தொடச்சேன், வந்தேன். பைப்புல தண்ணி வல்ல, அதனால துணிய அலசாம வேலியில போட்டுட்டுப் போனேன். மறுநா மதியம் பஸ் ஸ்டாண்டுல பழக்கூடையோட நின்னுட்டு இருந்தேன். அங்கயே வெச்சு ஜீப்புல ஏத்தினாங்க. பழம் வாங்க வந்த சனம், டிரைவரு, கண்டக்டரு, எல்லாரும் பாக்கறாங்க. எம் மக படிக்கற பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க பாக்குது." அவள் குரல் அப்போதுதான் கொஞ்சம் உடைந்தது. "நேத்து எம் மக பள்ளிக்கூடம் போகல. களவாணி மகன்னு சொல்லுவாங்களாம். நான் செயிலுக்குப் போனாலும் போறேனுங்க. அந்தச் சொல்லை எப்படிங்க கழுவறது?"

அருள்மொழி வண்டியை நோக்கி வேகமாக நடந்தாள். அவளுக்கு வந்தது அழுகை இல்லை, ஆத்திரம்.

ஜீவானந்தம் வீட்டுப் புழக்கடை வேலியில் அந்தத் துணி இன்னும் கிடந்தது. நாலு நாளாக மலையில் ஒரு தூறல்கூட இல்லை. அருள்மொழி எடுத்தாள். பழைய வேட்டித் துணி, கஞ்சி போட்டு இஸ்திரி போட்ட மாதிரி விறைத்து நின்றது. மடிப்புகளில் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது. நுனியை நாக்கில் வைத்தாள்.

"அக்கா, மத்தியானச் சாப்பாடு இல்லைதான். அதுக்காகத் தரை தொடச்ச துணியையா?"

"உப்பு" என்றாள்.

அவன் அவள் கையில் இருந்து வாங்கி மடிப்பைப் பார்த்தான். விளையாட்டு அவன் முகத்தில் இருந்து இறங்கிவிட்டது. "குடத்துத் தண்ணி காஞ்சா உப்புப் பூக்காதே அக்கா."

"பூக்காது. அவ உள்ள வர்றதுக்கு முந்தியே தொட்டிக்குள்ள ஒரு கை போயிட்டு வந்திருக்கு. அந்தக் கையில எண்ணெய் இருந்திருக்கு. வா."

மணி இரண்டே முக்கால். ஜீவானந்தம் தொட்டியின் முன்னால் நாற்காலி போட்டுக் காவல் உட்கார்ந்திருந்தார். பொன்னம்மாள் சாமி அறை நிலைப்படியில் நின்றாள். அருள்மொழி துணியை அவர் மடியில் போட்டாள்.

"கப்பல்காரரு நீங்க. ருசி பாத்துச் சொல்லுங்க."

அவர் முறைத்தார். அப்புறம் விரலால் சுரண்டி நாக்கில் வைத்தார். முகம் மாறிவிட்டது. "கடல் தண்ணி. என் தொட்டித் தண்ணி இது."

"பழனாயி கையில பிசின் கெட்டியா ஒட்டியிருக்கு. எண்ணெய் தடவின கையில பிசின் ஒட்டாது. எண்ணெய் தடவாத கையை உட்டா நுரை படுக்காது. அவ தொட்டியைத் தொடலீங்க. கொட்டிக் கெடந்த தண்ணியைத் தொடச்சதுதான் அவ செஞ்சது." அவள் பொன்னம்மாள் பக்கம் திரும்பினாள். "சுளை எடுத்தது யாருங்க?"

பொன்னம்மாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"அவ தொட்ட சுளையை நீங்க திங்க மாட்டீங்க. அதனால எண்ணெய் தடவி நீங்களே எடுத்தீங்க. அந்தத் தீட்டுப் பாக்கற புத்திதானுங்க உங்களைக் காட்டிக் குடுத்துது. அவளை எடுக்கச் சொல்லியிருந்தா உங்க கை சுத்தமா இருந்திருக்கும், நுரையும் பொங்கியிருக்கும், எனக்கு எதுவுமே தெரிஞ்சிருக்காது."

"என்ன உளர்றீங்க?" ஜீவானந்தம் எழுந்தார். "அவ தோட்டை அவளே எதுக்குத் திருடணும்?"

"அதைத்தான் நானும் உங்ககிட்டக் கேக்கறேன். திங்கக்கிழமை காலையில பீரோவைத் தொறந்தது யாரு?"

"நான்தான். சேலம் கொண்டுபோக."

"சேலத்துல என்ன?"

அவர் கண் தானாகவே மேஜை மேல் இருந்த பைலுக்குப் போனது. ரமேஷ்குமார் அதை எடுத்துப் புரட்டி, மேலாக இருந்த தாளை உரக்கப் படித்தான். ஜெர்மன் ஸ்கிம்மர் ஒன்று, அதற்குத் தோதாக ஆறடித் தொட்டி ஒன்று, வரவழைத்துத் தருகிறோம். "மிளகு விலை படுத்த வருசத்துல, நுரை எந்திரிக்கறதுக்காகக் காதுத் தோட்டைச் சேலத்துல விக்கப் பாத்தீங்களா சார்?"

"நீங்களே எடுத்துக் குடுங்க" என்றாள் அருள்மொழி பொன்னம்மாளிடம். "இன்னிக்குத்தான் கையில எண்ணெய் இல்லையே."

பொன்னம்மாள் வளையலை முழங்கைக்கு ஏற்றிக்கொண்டு தொட்டிக்குள் கையை விட்டாள். பட்டை மீன்கள் விரலைக் கொத்த வந்தன. பின்வரிசைக் கல்லைத் தூக்கி, அடியில் இருந்து ஒரு சின்னப் பிளாஸ்டிக் கவரை எடுத்தாள். உள்ளே இரண்டு தோடும் பளிச்சென்று இருந்தன.

"எங்கம்மா போட்டுவிட்டது" என்றாள். குரல் நடுங்கவில்லை. "இருபத்திரெண்டு வருசம் இவரு கடல்ல கெடந்தாரு. நான் ஊட்டுல கெடந்தேன். திரும்பி வந்தவரு கடலையும் கூடவே கொண்டாந்து ஹால்ல வெச்சாரு. இந்தச் சனியன்கிட்டப் பேசற பேச்சுல நூத்துல ஒண்ணு எங்கிட்டப் பேசினதில்ல. இப்ப என் காதையும் அறுத்து அதுக்கே போடறதா? எங்க வெச்சாலும் தேடி எடுப்பாரு. இங்க மட்டும் தேட மாட்டாருன்னு வெச்சேன். ரெண்டு நாள் தேடிட்டு உட்டுருவாருன்னு நெனச்சேன். எங்கிட்டக் கேக்காமயே போலீசுக்குப் போவாருன்னு யாரு கண்டா?"

"என் தொட்டியில எண்ணெய்க் கைய..." என்று ஆரம்பித்தார் ஜீவானந்தம்.

"வாய மூடுங்க" என்றாள் அருள்மொழி. சொன்ன பிறகுதான் அவர் தன் கட்சிக்காரர் என்பதே அவளுக்கு நினைவு வந்தது. வந்தால் வந்துவிட்டுப் போகட்டும். "உங்க ஸ்கிம்மரு நல்ல ஸ்கிம்மருதான். இந்த ஊட்டுல உண்மையைச் சொன்னது அது ஒண்ணுதான். ஞாயித்துக்கிழமை சாயந்திரமே சொல்லிருச்சு. நீங்க அதையும் குத்தம் சொன்னீங்க." பிறகு பொன்னம்மாள் பக்கம் திரும்பினாள். "உங்க கோவம் நாயமான கோவமுங்க. நானா இருந்தா தோட்டை ஒளிச்சிருக்க மாட்டேன், தொட்டியை ஒடைச்சிருப்பேன். ஆனா ஜீப்பு வந்தப்ப ஏன் பேசல?"

"சொன்னா மானம் போயிருமேன்னு..."

"அவளுக்கு இருந்தது மானம் இல்லைங்களா? அவ மக பள்ளிக்கூடம் போகல. அது தெரியுமா உங்களுக்கு?"

பொன்னம்மாள் ஈரக் கையோடு அப்படியே நின்றாள். அது அவளுக்குத் தெரியாது போலிருக்கிறது. தெரிந்துகொள்ள அவள் கேட்கவும் இல்லை.

மூன்றரைக்கு ஸ்டேஷனில் ஜீவானந்தம் புகாரை வாபஸ் எழுதிக் கொடுத்தார். எழுதி எழுதி அடித்ததில் இரண்டு தாள் வீணானது. ஏட்டு அர்த்தனாரி தோட்டைப் பார்த்தார், புருஷனைப் பார்த்தார், பெண்டாட்டியைப் பார்த்தார். அப்புறம் வராந்தாவுக்கு வந்து, "நீ போலாம் பழனாயி" என்றார்.

பழனாயி எழுந்திருக்கவில்லை.

"எங்கங்க போறது? என்னை இங்கிருந்தா கூட்டிட்டு வந்தீங்க?"

யாருக்கும் புரியவில்லை. அருள்மொழிக்கு மட்டும் புரிந்தது. அவள் பொன்னம்மாளைப் பார்த்தாள். "பஸ் ஸ்டாண்டுல இருந்து கூட்டிட்டு வந்தாங்க. அங்க கொண்டுபோய் விடணுங்க. நீங்க."

"நானா? அத்தனை சனத்துக்கு முன்னாலயா?"

"அத்தனை சனத்துக்கு முன்னாலதான் ஏத்தினாங்க" என்றாள் பழனாயி.

நடந்தே போனார்கள். பஸ் ஸ்டாண்டில் நான்கு மணி நாமக்கல் பஸ் உறுமிக்கொண்டு நின்றது. பலாப்பழக்காரர்கள், பையோடு பள்ளிக்கூடப் பிள்ளைகள், டீக்கடையில் பத்துப் பேர். பழனாயி திங்கட்கிழமை கூடை வைத்திருந்த அதே புளியமரத்தடியில் போய் நின்றாள். நின்று, பொன்னம்மாளைப் பார்த்தாள். ஜனம் மெல்லத் திரும்பியது.

பொன்னம்மாள் தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். "பழனாயி எடுக்கல."

"கேக்கலீங்க" என்றாள் பழனாயி.

"பழனாயி எங்க ஊட்டுல எதையும் எடுக்கல. தோட்டை ஒளிச்சு வெச்சது நான்."

"பஸ்ஸு சத்தத்துல கேக்கலீங்க. இன்னொருக்கா சொல்லுங்க."

ரமேஷ்குமார் அருள்மொழியின் காதருகே குனிந்தான். ஏதாவது சொல்லி வைக்கப் போகிறான் என்று அவள் முறைத்தாள். அவன் எதுவும் சொல்லவில்லை. நேராகப் பஸ்ஸிடம் போய் டிரைவர் கதவைத் தட்டினான்.

டிரைவர் எட்டிப் பார்த்து, என்ஜினை நிறுத்தினார்.